நாற்பத்தொரு விநாடி

கடிதம் ஒரே பக்கம்தான்.
"பதினைந்தாம் பிரிவின்படி,
என்னைப் பற்றி உங்களிடம் இருப்பதெல்லாம்
எனக்கு வேண்டும். குரல் உட்பட."
கீழே கையெழுத்து: மாரெட்.
மேலே, முகவரி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தபால்பெட்டி எண்.

தார்த்துவில் அன்று பனி மழையாகிக்கொண்டிருந்தது.
தைவோ அதை என் மேசையில் வைத்து
"ஒரு மாதம் கெடு" என்றார்.
"நீயே தேடு. நீ எடுத்த அழைப்பு."

தேடினேன்.
சலவை இயந்திரம், வெள்ளை, எட்டுக் கிலோ.
ஆறு தவணை. விநியோகம் வியாழன்.
பழைய முகவரி ஒன்று, அடித்து விடப்பட்டது.
புதிய முகவரி ஒன்று.
அதற்கும் கீழே ஒலிப்பதிவு.

ஹெட்போனில் ஒரு ஆண் இருமுகிறான்.
"வியாழக்கிழமை மெஷின் வருதில்ல,
வீட்ல அட்ரஸ சரியாத்தான் குடுத்தாளான்னு
கொஞ்சம் பாருங்களேன்."
நான் மூன்று கேள்வி கேட்கிறேன்.
விதிப்படி மூன்றே மூன்று:
முழுப்பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல்.
தடுமாறாமல் சொல்கிறான்.
பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு
இதில் எது கடினம்?

அப்புறம் என் குரல்.
தெரு, கட்டிடம், மாடி, கதவு.
அந்தத் தெருவை இங்கும் எழுதமாட்டேன்.
"காலிங் பெல் வேலை செய்யாது சார்,
தட்டணும்னு குறிப்பு இருக்கு."
அதையும் சொல்லியிருக்கிறேன்,
அவன் கேட்காமலே.
அவன் நன்றி என்றான்.
நான் இனிய நாளாக அமையட்டும் என்றேன்.
நாற்பத்தொரு விநாடி.

அவன் வியாழன் வரை காத்திருக்கவில்லை.
புதன் இரவே
தட்டினான்.

மறுநாள் இயந்திரம் கிடங்குக்குத் திரும்பியது.
பூட்டு உடைந்த கதவு, உள்ளே ஆளில்லை என்று
வண்டிக்காரர் போனில் சொன்னார்.
நான் பதிந்தது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை."

தல்லினிலிருந்து திரையில் வழக்கறிஞர்.
அவள் ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்,
கட்டணம் கிடையாது, காலம் பிடிக்கும்.
நீதிமன்றம் போகலாம்.
உடம்பில் காயமில்லாவிட்டாலும்
பயத்துக்கும் இழப்பீடு கேட்கலாம்,
பயந்ததை அவள் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.
இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.
நான் அவளாக இருந்தால்
இரண்டையும் செய்வேன் என்றார்,
நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்.

தைவோ தொண்டையைச் செருமினார்.
"ஒரு துணி உலர்த்தி இலவசமாக..."
திரையில் பேனா நின்றது.
"தெரிந்ததிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்
ஆணையத்துக்கு நாமே சொல்லியிருக்க வேண்டும்.
உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

தைவோ என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
வியாழன்தான், என்றேன் கடைசியில்.
வண்டிக்காரர் சொன்னபோது.

எதையும் இப்போது அழிக்கவேண்டாம் என்றார் வழக்கறிஞர்.
பின்னால் அவளே நீக்கச் சொல்வாள்,
அந்த உரிமையும் அவளுக்கு உண்டு.
சரி. இரண்டு சொடுக்கு எனக்கு.
முகவரி போய்விடும், குரல் போய்விடும்,
காப்புப் பிரதியிலிருந்தும் தொண்ணூறு நாளில் போய்விடும்.
அவன் மண்டைக்குள் நான் போட்டதை
எந்தப் பிரிவில் நீக்கச் சொல்லி
யாருக்கு எழுதுவாள்?
வீட்டை மாற்றுவாள். மாற்றிவிட்டாள்.
சட்டத்தைவிட அது சீக்கிரம் நடந்தது.

பிரதிகளை அடுக்கும்போது இன்னொரு அறிவுரை வந்தது:
அழைப்பு எடுத்த ஊழியரின் பெயரைக்
கறுப்புப் பட்டையால் மறைத்துவிடுங்கள்,
அதுவும் தனிப்பட்ட தகவல்தான்.

பட்டையை இழுத்தேன்.
எழுத்தெழுத்தாக என் பெயர் காணாமல் போனது.
எவ்வளவு சுலபமாக இருந்தது
என்னைக் காப்பாற்றுவது.
எடுத்துவிட்டேன்.
பெயர் தெரியும்படியே அச்சிட்டேன்.

உறையில் தபால்பெட்டி எண்ணை எழுதி
மூன்று முறை சரிபார்த்தேன்,
உதடு அசையாமல்.